நெட்டச்சியின் விலா எலும்புகள்

பந்தயத்திலிருந்து கழித்துவிடப்பட்ட கிரேஹவுண்ட் நாய் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவர ஆசைப்பட்டவள் ரொட்டிக்கடைக்காரரின் மனைவிதான். அவருக்கு அதில் பெரிய விருப்பமும் இல்லை, மறுப்பும் இல்லை. வந்த அன்றே அது நீண்ட கழுத்தை உள்ளே நீட்டி மோப்பம் பிடித்துவிட்டு, அவளுடைய தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய், அத்தனை நீளக் காலையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் மடக்கிப் படுத்துக்கொண்டது. "வா நெட்டச்சி" என்று அவள் கூப்பிட்டதே பெயராகிப் போனது.

மனைவி எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. நாயைக் கொடுத்த காப்பகத்துக்காரர்களிடம் கேட்டாள், கால்நடை டாக்டரம்மாவைக் கேள்வியாகக் கேட்டுத் துளைத்தாள். இந்த இனத்துக்கு உடம்பில் கொழுப்பு இல்லை, அதனால் குளிர் தாங்காது என்று தெரிந்ததும் மிச்சத் துணியில் ஒரு மேல்சட்டை தைத்துப் போட்டாள். தோல் காகிதம் மாதிரி, முள் பட்டாலே கிழியும் என்று வேலியோரம் விடமாட்டாள். காற்றாய்ப் பறக்கிற நாய், ஆனால் ஓடாத நேரமெல்லாம் தூங்கி வழியும். மார்புக்கூடு ஆழமானது, வயிறு நிறையத் தின்றுவிட்டு ஓடினால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பாடு. கடைசி விலா எலும்புகள் லேசாகத் தெரிந்தால்தான் ஆரோக்கியம். இதையெல்லாம் சாப்பிடும்போது கணவரிடம் சொல்வாள். அவரும் தலையை ஆட்டுவார். ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவார்.

அவர் காதில் நின்றது தெருவின் பேச்சுதான். நெட்டச்சியைக் கூட்டிக்கொண்டு நடந்தால் எதிரே வருகிறவர்கள் உச்சுக்கொட்டினார்கள். கடையில் ஒரு வாடிக்கையாளர், ஊருக்கே ரொட்டி போடுகிற மனிதர் வீட்டு நாயைப் பட்டினி போடுகிறாரே என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்புத்தான், ஆனாலும் அது முள்ளாய்த் தைத்தது. மனைவியின் தம்பி வந்தால் கேட்கவே வேண்டாம். "என்ன மாமா, எலும்புக்கூட்டுக்குத் தோலைப் போத்தி வச்சிருக்கீங்க" என்பான். இதுதான் இந்த இனத்தின் வாகு என்று சொல்லியிருக்கலாம். அவருக்குச் சொல்ல வரவில்லை. மானம் போகிறது என்றுதான் பட்டது.

அதனால் கடையில் விற்காமல் நின்ற ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார். மனைவி குளிக்கப் போகும்போதோ, தைத்த துணியைக் கொடுக்கப் போகும்போதோ, கறி வேகவைத்த தண்ணீரில் ரொட்டியை ஊறவைத்துக் கொல்லைப்பக்கம் வைப்பார். நெட்டச்சி ஒரே மூச்சில் தின்றுவிட்டு, நன்றி சொல்வதுபோல் அவர் தொடையில் முழு உடம்பையும் சாய்த்துக்கொண்டு நிற்கும். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் அப்படித்தான் ஒரு பெரிய கிண்ணம் நிறைய வைத்தார். கிண்ணம் காலியாகவும் மைத்துனன் வரவும் சரியாக இருந்தது. நெட்டச்சியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இது ஓடவாவது ஓடுமா என்று கேட்டான். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், சுற்றுச்சுவர் வைத்த மைதானத்துக்கு இருவரும் அதைக் கூட்டிப் போனார்கள். வாரை அவிழ்த்ததுதான் தெரியும். நாலு காலும் தரையில் படாத மாதிரி அது சுவரோரம் சுற்றி வந்தது. மைத்துனன் கைதட்டினான். ரொட்டிக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு நெட்டச்சி படுக்கவில்லை. அங்குமிங்கும் நடந்தது. வாந்தி எடுக்கப் பார்த்தது. நுரையைத் தவிர ஒன்றும் வரவில்லை. ஓடிய களைப்பு என்று சொல்லிவிட்டு மைத்துனன் கிளம்பினான். அவரும் அப்படியே நம்ப விரும்பினார். துணி கொடுத்துவிட்டுத் திரும்பிய மனைவி வாசலிலிருந்தே பார்த்தாள். வயிற்றைத் தட்டினாள். தம்பட்டம் மாதிரிச் சத்தம் கேட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வண்டியை எடுக்கச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, கடைசியாக என்ன சாப்பிட்டது என்பது. காலையில் வழக்கமான அளவுதான், தானே அளந்து போட்டதாக மனைவி சொன்னாள். டாக்டரம்மா அவரையும் ஒரு பார்வை பார்த்தார். ரொட்டிக்காரர் வாயைத் திறந்தார். ரொட்டியைப் பற்றிச் சொல்லாமலே மூடிக்கொண்டார். நாயை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மனைவி தன்னையே தோண்டிக்கொண்டிருந்தாள். காலையில் ஒரு பிடி கூடப் போய்விட்டதோ, தண்ணீர் அதிகம் குடித்ததைக் கவனிக்கவில்லையோ என்று புலம்பி அழுதாள். அவர் அவள் தோளில் கை வைத்து, "விடும்மா, உன் மேல தப்பில்ல" என்றார். பெரிய மனது பண்ணிச் சொல்கிறவரைப் போலத்தான் அந்தக் குரல் வந்தது. அது அவருக்கே கேட்டது. கையை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் கூசியது.

டாக்டரம்மா முகமூடியை இறக்கிக்கொண்டு வந்தார். இரைப்பையை முறுக்கெடுத்துத் தைத்தாயிற்று, பிழைத்துக்கொள்ளும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"வயிறு முட்ட ரொட்டிங்க. இது முதல்லயே தெரிஞ்சிருந்தா நாங்க இன்னும் ஜாக்கிரதையா இருந்திருப்போம். மயக்கத்துல இருக்கும்போது தின்னது மேல வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போச்சுன்னா அவ்வளவுதான். இந்த இனத்துக்கு மயக்க மருந்தே பாத்துப் பாத்துத்தான் குடுக்கணும்."

மனைவி திரும்பி அவரைப் பார்த்தாள். அவள் கன்னத்தில் இன்னும் ஈரம் காயவில்லை. அவர் தரையைப் பார்த்தார். அவர் காலணித் தையலில் கடை மாவு வெள்ளையாய் ஒட்டிக்கொண்டிருந்தது.

நெட்டச்சியை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு, வண்டியில் பாதி வழி வந்த பிறகுதான் அவள் பேசினாள்.

"ரொட்டி போட்டது தெரியாத்தனம்னு வச்சுக்கலாம். நான் அழுதப்போ பக்கத்துல உக்காந்துட்டுத்தானே இருந்தீங்க?"

தெருக்காரர்கள் சொன்னதையும், தம்பியின் கேலியையும் எடுத்து வைக்கப் பார்த்தார். மனதுக்குள் சொல்லிப் பார்க்கும்போதே அசிங்கமாக இருந்தது. அதை விழுங்கிவிட்டு வண்டியை ஓட்டினார்.

நெட்டச்சி வீட்டுக்கு வந்ததும் நேராக அவரிடம்தான் வந்தது. வயிற்றில் தையலோடு, முன்போலவே தொடையில் சாய்ந்தது. அதற்கென்ன தெரியும். மனைவி இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட இதைவிடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. மைத்துனனை அவரே கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். அவன் சமாதானம் சொல்ல வந்ததைக் காதில் வாங்கவில்லை. வீட்டில் பேச்சு குறைந்திருந்தது. உப்பு வேண்டுமா, கதவைச் சாத்தியாச்சா, அவ்வளவுதான்.

தையல் பிரிக்கப் போன அன்று டாக்டரம்மா எல்லாவற்றையும் மனைவியைப் பார்த்தே சொன்னார். அவர் நாயின் வாரைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். கிளம்புகிற நேரத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு, இதற்கு வலித்தால் எப்படித் தெரிந்துகொள்வது, கத்தவே மாட்டேன் என்கிறதே என்று கேட்டார்.

டாக்டரம்மா மனைவியைப் பார்த்தார். அவள் நாயின் காதை நீவிக்கொண்டே இருந்தாள்.

"சொல்லுங்க டாக்டர்," என்றாள். "அவரும் தெரிஞ்சுக்கட்டும்."

டாக்டரம்மா மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்து முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். ரொட்டிக்காரர் காது மடல் சிவக்க, நின்றபடியே கேட்டார்.