நான்காவது சொல்லில் ஏறுவதா, இறங்குவதா

1

"ஃபாதர், ஜனங்க பாடுறப்ப உங்க மைக்கை அணைச்சிடுங்க."

கதை இப்படித்தான் ஆரம்பிக்கிறது. எதை வேண்டுமானாலும் கேட்கலாம், இதை மட்டும் கேட்கவே கூடாது என்று எங்கள் கோயில் பாடற்குழு முழுவதும் கட்டிக்காத்து வந்த கோரிக்கை. முதல் வரைவில் இதை அக்காவைக் கேட்க வைத்திருந்தேன். படித்துவிட்டுத் தாளை என் மடியில் போட்டாள்.

"நான் எங்கேடி கேட்டேன்? நீதானே கேட்ட."

"கதைக்கு நீ கேட்டாத்தான் எடுப்பா இருக்கும்."

"அப்படின்னா என் தலைமுடியையும் கொஞ்சம் அடர்த்தியா எழுதிடு."

ஆகவே திருத்தம். கேட்டது நான். அக்கா இசையமைப்பாளர்; நான் எழுதுகிறவள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள், வாயை மூடத் தெரியாதவள். இரண்டும் ஒரே வருடத்தில் நடந்ததாக அம்மா சொல்வாள்.

இதை எழுத உட்கார்ந்த காரணம் கோபம். கோயில் ஆண்டறிக்கையில் நன்றி சொல்லியிருந்தார்கள்: பூ அலங்கரித்தவருக்கு, நாற்காலி கொடுத்தவருக்கு, ஒலிபெருக்கி பழுதுபார்த்தவருக்கு. அப்புறம் "மற்றும் பலர்". அக்கா அந்தப் பலரில் இருந்தாள். முதல் பக்கம் முழுக்கத் திட்டித் தீர்த்தேன். படித்துப் பார்த்தால் கதை இல்லை, புகார் மனு. கிழித்துப் போட்டேன்.

2

மழை கொட்டிய ஒரு மாலையில், ஒரு சிறுமி பழைய ஆர்மோனியத்தின் முன்னால் தயங்கித் தயங்கி—

(வேண்டாம். மழையும் இல்லை, ஆர்மோனியமும் இல்லை. கீபோர்டு வாசித்தவருக்கு வேலை மாற்றலாகிவிட்டது. கீபோர்டை அதற்குமுன் தொட்டுப் பார்த்திருந்த ஒரே ஆள் அக்கா. அவ்வளவுதான்.)

அவளுடைய இசைவாழ்க்கையைச் சொல்வதில் ஒரு சிக்கல். அதில் ஒரு முழுப்பாட்டுகூடக் கிடையாது. ஞாயிறு பூசையில் முதல் வாசகம் முடிந்ததும் திருப்பாடல் ஒன்று பாடுவார்கள். பாடகர் பத்தி பத்தியாகப் பாட, நடுநடுவே ஜனங்கள் ஒரே ஒரு வரியைத் திருப்பிப் பாடவேண்டும். அதுதான் பல்லவி. அந்த ஒற்றை வரிக்கு வாராவாரம் மெட்டுப் போடுவதுதான் இருபது வருடமாக அக்காவின் வேலை. வரி வாசக நூலில் இருப்பது. ஒரு சொல்லைக்கூட நகர்த்த முடியாது. ஜனங்களுக்கு ஒத்திகை கிடையாது. ஒருமுறை கேட்டதும் பாட வந்துவிட வேண்டும். பூசை முடிந்து வாசலில் நின்று ஊர்க்கதை பேசும்போதே மெட்டு செத்துப் போயிருக்கும். மூன்று வருடம் கழித்து, வாசகச் சுற்று முடிந்து அதே வரி திரும்பி வரும். பழைய மெட்டையே போட்டால் என்னவாம்? போடமாட்டாள்.

"அப்ப எனக்கு வேற வயசுடி" என்பாள்.

வயிற்றுப்பாட்டுக்கு ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை. உள்ளே பல்லைத் துளைக்கிற இயந்திரம் ஒரே சுருதியில் கத்த, அதன்மேல் வரியை முணுமுணுத்துப் பார்ப்பாள். கன்னம் வீங்கி உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது ஜெபமாகக் காதில் விழுமாம். உள்ளே போனவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று இரண்டொருவர் எழுந்து போனதும் உண்டாம்.

"'அடுத்தவங்க வாங்க'ன்னு எந்த உயரத்துல சொல்றோமோ, பாட்டும் அந்த உயரத்துலதான் இருக்கணும்" என்பது அவள் கட்சி. "ஏணி வச்சு ஏத்தக் கூடாது."

சனிக்கிழமை நான் பாத்திரம் கழுவும்போது பின்னால் வந்து நின்று ஒருமுறை பாடுவாள். நான் திருப்பிப் பாடினால் மெட்டு தேறியது. இந்த வீட்டின் இசை நிபுணர் நான்தான் என்று பல வருடம் மிதப்பில் இருந்தேன். கல்லூரி போன பிறகுதான் சந்தேகம் வந்து கேட்டேன்.

"உனக்கு எது மேல் சுரம், எது கீழ் சுரம்னே தெரியாதுடி. உனக்கே வந்துட்டா ஊருக்கே வரும்."

"என்னை வச்சு எலி மாதிரி சோதனை பண்ணியிருக்கே!"

"எலியா இருந்தா கொஞ்சமாவது சுருதி சேரும்."

3

ஃபாதரை வில்லனாக்கி ஒரு வரைவு எழுதினேன். அதில் அவர் மேசையைக் குத்தினார், "யாரைப் பார்த்து என்ன பேசுகிறாய்" என்று உறுமினார். அக்கா அந்தப் பக்கத்தைத் திருப்பிக்கூடக் கொடுக்கவில்லை. அது இப்போது அடுப்பு மேடையில் எண்ணெய்ச் சட்டிக்கு அடியில் இருக்கிறது.

அவள் செய்தது சரிதான். ஃபாதர் நல்ல மனிதர். அப்பா மருத்துவமனையில் கிடந்தபோது தினமும் வந்து, அவரோடு சதுரங்கம் ஆடி, தினமும் தோற்றுவிட்டுப் போனவர். ஆனால் பாடுவார். காலரில் மைக்கை மாட்டிக்கொண்டு, பல்லவி வந்ததும் மனதார, முழுத் தொண்டையில் பாடுவார். மெட்டு ஒரு தெருவில் போகும், அவர் பக்கத்துத் தெருவில் போவார். ஒலிபெருக்கி அவரை மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஜனங்கள் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள். அதுதான் பாடிவிடுகிறதே, நாம் எதற்கு?

அப்போதுதான் கன்னியர் மடத்திலிருந்து ஒரு சிஸ்டர் வருவதாகத் தகவல் வந்தது. சுற்றுவட்டாரத்துக் கோயில்களுக்கெல்லாம் சேர்த்துப் பல்லவிப் புத்தகம் ஒன்று தொகுக்கிறவர். அவருடைய நிபந்தனை ஒன்றே ஒன்று: ஜனங்கள் பாடி, தன் காதால் கேட்டால்தான் எடுப்பார். வாராவாரம் செத்துப்போகிற மெட்டுகளில் ஒன்றாவது பிழைத்துக் கிடக்க, அக்காவுக்கு இத்தனை வருடத்தில் வந்த முதல் வாய்ப்பு.

"ஃபாதர்கிட்ட எதுவும் போய்க் கேட்டுத் தொலைக்காதே. மனுஷன் ஒடிஞ்சிடுவார்" என்று அக்கா சொன்னது செவ்வாய்க்கிழமை. நான் போய்க் கேட்டது புதன்கிழமை.

"ரொம்ப மோசமாவா பாடறேன்?"

"ஆமா ஃபாதர்."

"எத்தனை நாளா?"

"நீங்க இங்கே வந்ததுலேர்ந்து."

அவர் தன் காலரில் இருந்த மைக்கைத் தடவி—

(இல்லை. புதன்கிழமை ஏது மைக்? தடவியது வெறும் காலரை.)

"ஒருத்தர்கூடச் சொல்லலையேம்மா" என்றார்.

அக்கா என்னோடு பேச்சை நிறுத்தினாள். "படிச்சுட்டா யார் முகத்துல வேணும்னாலும் அடிக்கலாமா?" என்பதோடு சரி. அந்தச் சனிக்கிழமையும் பாத்திரம் கழுவினேன். பின்னால் யாரும் வந்து நிற்கவில்லை. அந்த வாரத்துப் பல்லவி என்மேல் சோதிக்கப்படாமலேயே கோயிலுக்குப் போனது.

4

(அந்த வரியை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் உங்களுக்குத் தெரிந்த ஏதோ ஒரு மெட்டில் படித்துவிடுவீர்கள். ஆறு சொல் என்பது போதும்.)

ஞாயிறு பூசையில் அக்கா கீபோர்டில் கையை வைத்து ஒருமுறை பாடிக் காட்டினாள். ஃபாதர் எல்லோரும் பார்க்க மைக்கைக் கழற்றி நாற்காலிக் கையில் வைத்தார். வாயைத் திறந்தாலே பாவம் என்பதுபோல் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

யாரும் பாடவில்லை.

ஒலிபெருக்கி பாடும் என்று கூட்டம் காத்திருந்தது. அக்கா கூட்டத்துக்காகக் காத்திருந்தாள். கடைசி வரிசையில் சிஸ்டர் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தபடி இருந்தார். எனக்கு வந்ததே ஒரு கோபம், யார்மேல் என்று கேட்காதீர்கள், தனியாகப் பாடித் தொலைத்தேன். உரக்க.

அடுத்த முறை கோயிலே அதிரும்படி எல்லோரும் ஒரே குரலில்—

(பொய். பக்கத்து இருக்கை அம்மா என்மேல் இரக்கப்பட்டுச் சேர்ந்துகொண்டாள். அவளுக்குப் பின்னால் இருந்தவர் அவளைப் பார்த்து. கேட்கிற குரல் என் குரல் ஒன்றுதான் என்பதால் என்னைப் பிடித்துக்கொண்டே பாடினார்கள். கடைசிமுறை பாதிக் கோயிலாவது பாடியது. ஃபாதர்கூட வெறும் தொண்டையில், கூச்சத்தோடு.)

எனக்கு எல்லாம் நன்றாகவே பட்டது. அக்காவின் முதுகைப் பார்த்துத்தான் ஏதோ கெட்டுவிட்டது என்று புரிந்தது. நான்காவது சொல்லில் அவள் மெட்டு ஏறுகிறது. நான் இறங்கியிருக்கிறேன். ஜனங்களும் என் பின்னாலேயே இறங்கியிருக்கிறார்கள். இரண்டு மூன்று முறை கீபோர்டை அழுத்தி எங்களை மேலே இழுத்துப் பார்த்தாளாம். கடைசியில் கையை மாற்றி எங்களோடு இறங்கிவிட்டாள்.

5

பூசை முடிந்து, ஃபாதர் திருவுடை மாற்றும் அறை. சிஸ்டர் முகமெல்லாம் சிரிப்பு.

"அந்த நாலாவது சொல்லுல ஒரு இறக்கம் வச்சீங்களே, எப்படித் தோணிச்சு?"

"நான் வைக்கலை சிஸ்டர். அங்கே ஏறணும்."

"பின்னே இறங்கினது?"

அக்கா என்னைக் காட்டினாள். "இந்த மகராசி வச்சது."

"என்னைவிட மோசமா?" என்றார் ஃபாதர், ஆவலோடு.

"கொஞ்சம் கூடவே, ஃபாதர்." புதன்கிழமைக்குப் பிறகு அக்கா என்னைப் பார்த்து முதன்முறையாகச் சிரித்தாள். அதிக நேரம் இல்லை.

சிஸ்டர் விஷயத்துக்கு வந்தார். "இறக்கத்தோட கொடுத்தா இப்பவே எடுத்துக்கறேன். ஏத்தத்தோடன்னா முடியாது. ஜனங்க அதைப் பாடலை."

"விழுந்து கிடக்கிறவன் எழுந்திருக்கிற சொல் சிஸ்டர் அது. அங்கே போய் இறங்கினா மறுபடி விழுந்துடுவான்."

"விழுந்த இடத்துலேர்ந்துதானே எழுந்திருக்கக் கேட்கிறான்? குரல் கீழே இருந்தா என்ன?"

இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகப் பட்டது. அதுவே எரிச்சலாக இருந்தது.

6

முடிவு அ: அக்கா இறக்கத்தைக் கொடுக்கிறாள். எங்கெங்கோ இருக்கிற கோயில்களில் முன்பின் தெரியாதவர்கள் என் பிழையை மனதாரப் பாடுகிறார்கள்.

முடிவு ஆ: ஏற்றம்தான் என்று நிற்கிறாள். சிஸ்டர் விடைபெறுகிறார். அடுத்த ஞாயிறு, அடுத்த வரி.

முடிவு இ: ஏறாமல் இறங்காமல் அந்த நிமிடமே புது மெட்டொன்று போட்டு எல்லோரையும் அசத்துகிறாள். (எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது.)

மூன்றையும் அக்காவிடம் கொடுத்தேன்.

"நடந்ததை எழுதுடி."

"என்ன நடந்ததுன்னு நீ சொல்லித் தொலைச்சாத்தானே?"

"ஏன், நீயும் அங்கேதானே நின்னே? காது இல்லையா?"

நின்றேன்தான். அதை மட்டும் எழுதுகிறேன். அக்கா கைப்பையைத் தோளில் மாட்டினாள். "ஒரு தடவைதான் பாடுவேன் சிஸ்டர்" என்றாள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் நான். ஆறு சொல்லும் தெளிவாகக் கேட்டன. நான்காவது சொல்லில் கண்ணை மூடினாள். குரல் ஏறியதா, இறங்கியதா என்று நீங்கள் கேட்பீர்கள். சத்தியமாக எனக்குத் தெரியாது. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். ஃபாதரைக் கேட்டேன், அவருக்கும் அதே கதி. புத்தகம் இன்னும் அச்சில் இருக்கிறது. அது வெளிவரும்வரை, விழுந்தவன் எழுந்திருக்கிற அந்தச் சொல்லை நீங்களே வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். உங்கள் குரல் எங்கே போகிறதோ, அதை முடிவாக வைத்துக்கொள்ளுங்கள். நான் சண்டைக்கு வரமாட்டேன்.

சிஸ்டர் "நிச்சயமா?" என்று கேட்டார்.

"நிச்சயம் பண்ணிட்டுத்தான் சிஸ்டர் பாடினேன்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அக்கா வெளியே நடந்தாள்.