நிலாவுக்குப் போன பவானிபூர்

கல்கத்தாவில் குதிரை டிராம் போய் மின்சார டிராம் வந்த புதிது. பவானிபூர்த் தமிழ்க் குடும்பங்களுக்காகச் சாரநாதன் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். இருப்பது ஒரே பிரதி. அது வீடு வீடாகச் சுற்றிவரும். அபிப்பிராயம் எழுதக் கடைசியில் வெற்றுத்தாள் வைத்திருப்பார்.

ஓர் இதழில் அவர் மனைவி செங்கமலம் முதன்முதலாக ஒரு கதை எழுதினாள். குதிரையில்லாத ரதத்தில் ஒரு பெண் நிலாவுக்குப் போகிறாள். சாரதி கக்கத்தில் குடையை இடுக்கிக்கொண்டு, வாயே திறக்காமல் ஓட்டுகிறான். சாரநாதன் அதை முத்து முத்தான எழுத்தில் பிரதி செய்தார்.

ரதம் பறப்பதை ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. எதிர்வீட்டுக் கோமளம் மாமிதான் பத்திரிகையும் கையுமாகச் சண்டைக்கு வந்தாள்.

"அந்த உம்மணாமூஞ்சியை நம்பியா ஒரு பொண்ணைத் தனியா அனுப்புவே? துணைக்கு நான் வரேன், எழுது!"

செங்கமலம் வெற்றுத்தாளில் எழுதி மாமியை ரதத்தில் ஏற்றினாள். விஷயம் பரவிவிட்டது. பத்திரிகை போன வீட்டிலெல்லாம் ஆள் ஏறியது. ஒருத்தி அப்பளக் குழவியோடு ஏறினாள். ஒருத்தி, மாமியார் வரக்கூடாதென்று எழுதிவிட்டு ஏறினாள். தமிழே தெரியாத அடுத்த வீட்டு வங்காளி தீதிகூடக் கதையைச் சொல்லக் கேட்டுவிட்டு, வழிக்கென்று சந்தேஷ் மிட்டாய் கொடுத்தனுப்பினாள்.

பத்திரிகை திரும்பி வந்தது. ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாக, நின்றபடியே அதைப் புரட்டிய சாரநாதனின் முகம் சுண்டிப்போயிற்று.

"பவானிபூரே கிளம்பிடுத்து. என்னை மட்டும் விட்டுட்டியே?"

அவர் கக்கத்திலிருந்த குடையைச் செங்கமலம் மெல்ல உருவினாள்.

"பின்னே, ரதத்தை ஓட்டறது யாருன்னு நினைச்சேள்?"