கதவு திறந்திருக்கும்போது

மார்ச் 12, வியாழன்.

தவறு என்னுடையதுதான், முதலில் அதை எழுதிவிடுகிறேன். கதவுப் பெட்டி காலி என்று ஒரு வரிக் குறிப்பு போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

மாலை வகுப்பில் நானும் மின்னலும் சேர்ந்து லிஃப்ட் கட்டுப்பாட்டு மின்சுற்றை வெரிலாக் என்ற கணினி மொழியில், அதாவது படம் வரையாமல் எழுத்தாலேயே, உருவாக்குகிறோம். தட்டச்சு வேகத்தால் அவன் மின்னல். எதற்கும் கோடு போட்டுத் தொடங்குவதால் நான் ஸ்கேல். முதலில் முழுச் சுற்றும் ஒரே பெட்டி. பிறகு அதற்குள் மோட்டார், பொத்தான், கதவு என்று சின்னப் பெட்டிகள். உள்ளே எழுதும்வரை ஒவ்வொன்றும் ஒரு பொய் விடையைத் தந்துகொண்டிருக்கும். கதவுக்கு நான் வைத்த பொய், 'எப்போதும் மூடியிருக்கிறது'. அதை நிரப்புவது மின்னலின் பங்கு.

மூன்று வாரமாக அவன் தொடவே இல்லை. இன்றுதான் பார்த்தேன். ஆனால் அறிக்கையில் 'எல்லாச் சோதனைகளும் வெற்றி' என்று எழுதி, கீழே என் பெயரையும் போட்டிருக்கிறான்.

"கதவு எங்கடா?"

"சிமுலேஷன் பச்சையா வருதுல்ல ஸ்கேலு? அப்புறம் என்ன?"

"சோதனையில ஒரு தடவைகூடக் கதவைத் திறக்கலையேடா. பச்சையா வராம என்ன செய்யும்?"

"சோதனை எழுதினது யாரு? நீதானே!"

உண்மைதான். அதனாலேயே இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"இது என்ன நெஜ லிஃப்ட்டா? யாரு ஏறப்போறா, உன் மாமனாரா?" என்றான் மின்னல்.

பின்வரிசை சிரித்தது. பகலில் நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். திறந்த கதவோடு நகர்ந்த லிஃப்ட்டில் கால் நசுங்கி, என்னோடு வேலை செய்த அண்ணன் ஆறு மாதம் படுக்கையில் கிடந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆசிரியர் தணிந்த குரலில், "விடுப்பா. நாளைமறுநாள் தேர்வாளர் வர்றாரு. இப்பப் போய்க் கிளறினா ரெண்டு பேருக்கும் சான்றிதழ் கிடையாது. அது இல்லாம உன் கம்பெனியில வடிவமைப்புப் பிரிவுக்கு மாத்துவாங்களா?" என்றார்.

மாட்டார்கள். அதற்காகத்தான் இரண்டு வருடமாக இந்த வகுப்புக்கு ஓடி வருகிறேன்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றீங்களா சார்? நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

கத்திவிட்டேன். அறிக்கையை மேசையில் எறிந்துவிட்டு வெளியே வந்தேன்.

செய்தது நியாயமா, வீம்பா? தெரியவில்லை. கோபம் மட்டும் ஆறவில்லை. பாதி அவன்மேல், பாதி என்மேல்.

நாளை: வேலை முடிந்து ஐந்தரைக்கே ஆய்வகம். கதவைத் திறந்துவைத்து மூன்றாம் மாடிப் பொத்தானை அழுத்தும் சோதனை எழுத வேண்டும். கதவு திறந்திருந்தும் லிஃப்ட் நகரும், சோதனை தோற்கும். அந்த முடிவுத் தாளை ஆசிரியர் மேசையில் வைத்துவிட்டு, கதவுப் பெட்டியை நானே எழுதத் தொடங்க வேண்டும்.