ஹில்டாவின் முதல் கோல்

அந்தக் கோலை அடித்ததாக அறிவிக்கப்பட்ட பெண், கோல் விழுந்த நேரத்தில் பனித்தளத்திலேயே இல்லை. ஐஸ்லாந்துப் பனி ஹாக்கி அணியின் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்து, ஒரு வாளிக்குள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். கடலோரத்தில் பிறந்து வளர்ந்த பெண்களை மெஹிக்கோ நகரத்தின் உயரத்துக்குக் கூட்டிவந்து, இந்த மெலிந்த காற்றில் ஓடு ஓடு என்று விரட்டினால் வேறென்ன ஆகும்?

கோலை உண்மையில் அடித்தவள் நயேலி. அவள் மெஹிக்கோ அணியின் தடுப்பாட்டக்காரி. வட்டைத் தங்கள் வலைக்குப் பின்பக்கமாகச் சுற்றி அனுப்பி ஆபத்தைத் தள்ளிவிடலாம் என்று மட்டையை வீசினாள். மட்டை நுனியில் பட்ட வட்டு திரும்பி, சொந்தக் கோல்கீப்பர் லூர்தெஸின் கால்களுக்கு இடையே புகுந்து, வலைக்குள் சாவகாசமாகப் போய்ப் படுத்துக்கொண்டது. ஒன்றுக்கு ஒன்று என்றிருந்த ஆட்டம் ஐஸ்லாந்துக்கு இரண்டானது. முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் பாக்கி.

அரங்கமே வாயடைத்துப் போன அந்த நொடியில் ஒரே ஒரு மேளம் மட்டும் முழங்கியது. அது நயேலியின் அப்பா ஃபெர்மினுடையது. வலைக்குள் வட்டைப் பார்த்ததும் மனுஷனுக்குக் கை தானாக ஓடிவிட்டது. எந்தப் பக்கத்து வலை என்று பக்கத்திலிருந்தவர் சொன்ன பிறகுதான் நிறுத்தினார்.

இப்படிச் சொந்த வலைக்குள் போனால், எதிரணியில் கடைசியாக வட்டைத் தொட்டவள் பெயரில் கோலை எழுதுவதுதான் ஹாக்கியில் வழக்கம். அறிவிப்பாளர் தாளைப் பார்த்தார். "ஐஸ்லாந்துக்காக கோல் அடித்தவர், ஹ்ராஃப்... ஹ்ராஃப்ன்... ஹில்..." என்று மூன்று முறை முட்டி மோதிவிட்டு, "பதினேழாம் நம்பர்" என்று முடித்துக்கொண்டார்.

பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகப் போட்டியில் கீழ்த்தட்டுப் பிரிவு அது. "கனடாக்காரிகள்லாம் மாடியில ஆடறாளுங்க, நம்ம கீழ வண்டி நிறுத்தற எடத்துல ஆடறோம்" என்பாள் லூர்தெஸ். ஆனாலும் ஐந்து நாட்டுப் பெண்களும் அந்த வண்டி நிறுத்துமிடத்திலிருந்து ஒரு படி மேலே ஏறத்தான் வந்திருந்தார்கள். முதல் அணிக்கு மட்டுமே அந்தப் படி. சொந்த ஊரில், சொந்த ஜனங்கள் முன்னால், முதல் ஆட்டத்திலேயே மெஹிக்கோ சறுக்கிவிட்டது.

மறுநாள் காலை, எல்லா அணிகளும் தங்கியிருந்த ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் நயேலி தட்டை வெறித்துக்கொண்டிருந்தாள். பச்சை மிளகாய்ச் சாற்றில் ஊறிய சோளச் சில்லுகளான சில்லாக்கிலேஸ் என்றால் உயிரையே விடுகிறவள், அன்றைக்கு முள்கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"எதிர்ல வர்றவளுங்களப் பாத்து நான் ஒரு நாளும் பயந்ததில்லடி" என்றாள் லூர்தெஸ், வாய் நிறைய முட்டையோடு. "எனக்கு முன்னாடி முதுகக் காட்டிட்டு நிக்கிற உன்ன நெனச்சாத்தான் ஒதறுது."

"போதும், லூர்தெஸ்."

"என்ன போதும்? ராத்திரி கனவுலகூட நீதான் வந்த. மட்டையோட."

மேசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். நயேலிக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து போய்விடலாம் என்று நாற்காலியைத் தள்ளியபோது எதிரே ஓர் உயரமான பெண் வந்து நின்றாள். தட்டில் வாழைப்பழமும் ரொட்டியும் மட்டும். வந்த அன்றே வெயிலில் சுற்றியதில் மூக்கு தக்காளியாகச் சிவந்து தோல் உரிந்திருந்தது.

இருவருக்கும் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் பேச்சு நடந்தது.

"நீதான மூணாம் நம்பர்?"

"ஆமா. என்ன வேணும்?"

"நன்றி சொல்லணும். நாட்டுக்காக ஆடறதுல எனக்கு அதான் மொதல் கோல்."

"அத நீ அடிக்கல. நான் அடிச்சேன்."

"தெரியும். அதனாலதான் உன்கிட்ட வந்தேன்." அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "எங்க ஊர் பேப்பர்ல என் போட்டோ போட்டுட்டாங்க. எங்கம்மா போன் பண்ணி, எப்படி அடிச்சே, எப்படி அடிச்சேன்னு கேட்டுட்டே இருக்காங்க. எனக்கு என்ன தெரியும்? நான் வாளிய பாத்துட்டு இருந்தேன். நீ சொல்லு. எப்படிப் போச்சு?"

நயேலி அவளை உற்றுப் பார்த்தாள். கேலி செய்கிறாளா என்று பார்த்தால், அந்த முகத்தில் கேலியின் சாயலே இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வந்திருந்தாள்.

"உன் பேர் என்ன?"

"ஹ்ராஃப்ன்ஹில்டுர்."

"ஹில்டாங்கறேன். சரியா?"

"சரி."

நயேலி உப்புக் குப்பியை எடுத்து வைத்தாள். "இது லூர்தெஸ்." எலுமிச்சைத் துண்டு ஒன்றை எடுத்தாள். "இது வட்டு. நீ நடுவுலேந்து சும்மா உள்ள தூக்கிப் போட்டுட்டு பெஞ்சுக்கு ஓடிட்டே. நான் இப்படி வந்தேன். இப்படித் திரும்பினேன்..."

"இல்லயில்ல" என்று குறுக்கே பாய்ந்தாள் லூர்தெஸ். "நான் என்ன இவ்வளவு வெளிய வந்தா நின்னேன்? குப்பிய உள்ள தள்ளு. பழிய எம்மேல போடாத."

"அப்ப ஏன் கால விரிச்சே?"

"நீ என் தோழின்னு நம்பித்தான்!"

கூடத்தில் சிரிப்பு வெடித்தது. ஹில்டாவும் சிரித்தாள். "எங்கம்மாவுக்கு இது பத்தாது. நான் ரெண்டு பேர ஏமாத்திட்டுப் போனேன்னு சேத்துக்கலாமா?"

"ரெண்டு எதுக்கு? மூணா வெச்சுக்க" என்றாள் நயேலி. சொல்லும்போதே அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிறு வலிக்கச் சிரித்து முடித்ததும், ராத்திரியெல்லாம் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்த கல் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஆறிப்போன சில்லாக்கிலேஸைத் தட்டோடு வழித்துத் தின்றாள்.

நன்றிக்கு அடையாளமாக ஹில்டா கொடுத்துவிட்டுப் போனது ஒரு பொட்டலம் கருவாடு. அவர்கள் நாட்டில் அதை வெண்ணெய் தடவி அப்படியே மெல்வார்களாம். நயேலி அறையில் பிரித்ததும், அந்த மாடி முழுக்கக் கதவுகள் திறந்து மூடின. "யார்டி செத்தது?" என்று கேட்டுக்கொண்டே வந்த லூர்தெஸ், ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு இன்னொரு துண்டும் எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நயேலி ஆடியதே வேறு ஆட்டம். முன்பெல்லாம் வட்டு காலடிக்கு வந்தால் நெருப்பைத் தொட்டதுபோல் உடனே தள்ளிவிடுவாள். இப்போது பிடித்து, நிதானித்து, தலை நிமிர்ந்து பார்த்து அனுப்பினாள். துருக்கியைக் கூடுதல் நேரத்தில் ஜெயித்தார்கள். தென்னாப்பிரிக்காவைச் சுலபமாக ஜெயித்தார்கள். கடைசி ஆட்டத்தில், அதுவரை தோற்காத பெல்ஜியத்தையும் மூன்றுக்கு இரண்டில் சாய்த்தார்கள். அந்த ஆட்டத்தின் முடிவில், வலையை நோக்கிப் பறந்துவந்த வட்டுக்கு முன்னால் நயேலி குறுக்கே விழுந்து விலாவில் வாங்கிக்கொண்டாள். மூச்சு நின்று கிடந்தவளை லூர்தெஸ் குனிந்து பார்த்தாள்.

"உயிரோட இருக்கியா?"

"இருக்கேன்."

"அப்ப எழுந்திரு. இப்பதான் உன்ன எனக்குப் பிடிக்க ஆரம்பிச்சிருக்கு."

ஆனால் கோப்பை இன்னும் கைக்கு வரவில்லை. முந்தின நாளே நடந்திருக்க வேண்டிய ஐஸ்லாந்து–பெல்ஜியம் ஆட்டம், பனியைச் சீராக்கும் வண்டி பழுதானதால் மறுநாள் மாலைக்குத் தள்ளிப்போயிருந்தது. பெல்ஜியம் அதில் முழு நேரத்துக்குள் ஜெயித்தால் கோப்பை அவர்களுக்கு. சமனாகிக் கூடுதல் நேரத்துக்குப் போய்விட்டால் ஜெயிப்பவர்களுக்கும் ஒரு புள்ளி குறையும்; அப்புறம் யார் ஜெயித்தாலும் கோப்பை மெஹிக்கோவுக்கு. பயிற்சியாளர் ஒஸ்வால்தோ இதைப் பலகையில் எழுதி விளக்கினார்.

"அப்ப நம்ம தலையெழுத்து இப்ப ஐஸ்லாந்து கையிலயா கோச்?" என்றாள் லூர்தெஸ்.

"ஆமா."

"நம்மளத் தவிர யாரையும் ஜெயிக்காத ஐஸ்லாந்து?"

"அதேதான்."

மறுநாள் மாலை அரங்கம் வழிந்தது. மெஹிக்கோ ஆடாத ஆட்டத்துக்கு இத்தனை கூட்டத்தை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. ஃபெர்மின் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தன்னிடம் பழகும் ஆட்களையெல்லாம் வகுப்பை ரத்து செய்து இழுத்துவந்திருந்தார். அவர் மேளத்தைத் தட்ட, சனம் முழுக்க "இஸ்-லான்-தியா! இஸ்-லான்-தியா!" என்று கத்தியது. ஐஸ்லாந்துப் பெண்கள் பனித்தளத்துக்குள் வந்து, தங்களுக்குத்தானா இது என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

இத்தனை நாளில் அவர்களுக்கு இந்தக் காற்று கொஞ்சம் பழகியிருந்தது. பெல்ஜியம் முதலில் ஒரு கோல் போட்டது. ஐஸ்லாந்து திருப்பிப் போட்டது. அப்போது அரங்கம் போட்ட கூச்சலில் நயேலியின் காது அடைத்தது. ஒன்றுக்கு ஒன்று. நிமிஷங்கள் நகரவே மாட்டேன் என்றன. மெஹிக்கோ பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முடிய ஒரு நிமிஷம்கூட இல்லாத நேரத்தில் ஒரு பெல்ஜியக்காரி தனியாகப் பிய்த்துக்கொண்டு ஓடினாள். ஹில்டா துரத்தினாள். எட்டவில்லை. மட்டையை நீட்டினாள். அது பெல்ஜியக்காரியின் காலை வாரிவிட்டது. நடுவர் கை உயர்ந்தது. ஹில்டாவுக்கு இரண்டு நிமிஷம் தண்டனை. அதாவது, ஐஸ்லாந்துக்கு இனி ஓர் ஆள் குறைவு.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த தண்டனைக் கூண்டில் அவள் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்தாள். தோள்கள் குலுங்கின. நயேலி எழுந்தாள்.

"எங்கடி போற?" என்றாள் லூர்தெஸ்.

"அவ தனியா இருக்கா."

படிகளில் இறங்கி ஓடி, கூண்டின் பின்பக்கக் கண்ணாடியைத் தட்டினாள். ஹில்டா திரும்பினாள். கூச்சலில் ஒரு சொல்லும் கேட்காது என்பதால் நயேலி மூக்கைத் தொட்டு, மார்பைத் தொட்டு, மூச்சை இழு, விடு என்று கையால் காட்டினாள். கூண்டுக்குக் காவலிருந்த அலுவலர் போ போ என்று விரட்டினார். அவள் நகரவில்லை. ஹில்டா மூச்சை இழுத்தாள். விட்டாள். பிறகு இருவரும் சேர்ந்து பனித்தளத்தைப் பார்த்தார்கள்.

பெல்ஜியம் அடைமழையாக அடித்தது. ஐஸ்லாந்தின் கோல்கீப்பர் ஒன்றைக் காலால் தடுத்தாள், ஒன்றைக் கையுறையில் பிடித்தாள், ஒன்று முகமூடியில் பட்டுத் தெறித்தது. சங்கு ஊதியது.

சமன்! மெஹிக்கோவுக்குக் கோப்பை!

அரங்கம் கிழிந்தது. லூர்தெஸ் யாரென்றே தெரியாத ஒரு போலீஸ்காரரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். "கூடுதல் நேர ஆட்டம் இன்னும் பாக்கி, தயவுசெய்து உட்காருங்கள்" என்று அறிவிப்பாளர் கெஞ்சினார். யார் உட்கார்ந்தார்கள்?

நயேலி மட்டும் துள்ளிக் குதித்துவிட்டு நின்றுவிட்டாள். ஏனென்றால் ஹில்டாவின் தண்டனை இன்னும் முடியவில்லை. கூடுதல் நேரத்திலும் அவள் கூண்டில்தான் இருந்தாள். ஆள் குறைந்த ஐஸ்லாந்தை பெல்ஜியம் சுற்றி வளைத்துச் சட்டென்று கோல் போட்டு முடித்தது. கூண்டுக் கதவு திறந்தும் ஹில்டா வெளியே வரவில்லை.

நயேலி யாரையும் கேட்கவில்லை. பக்கத்து வாசலைத் தள்ளிக்கொண்டு பனித்தளத்துக்குள் இறங்கினாள். அவள் போட்டிருந்தது துணிச் செருப்பு. நாட்டுக்காகப் பனியில் பாய்ந்து பாய்ந்து ஆடியவள் மூன்றாவது அடியில் காலிரண்டும் வானத்தைப் பார்க்க மல்லாந்து விழுந்தாள். எழப் பார்த்தாள். மறுபடி விழுந்தாள். அத்தனை சனமும் காளைச் சண்டையில் கத்துவதுபோல் "ஓலே!" என்றது.

கூண்டுக்குள்ளிருந்து ஒரு விக்கல் கேட்டது. அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத விக்கல். ஹில்டா வந்து கையை நீட்டினாள்.

"நீ நிஜமாவே ஹாக்கி ஆடறவதானா?"

"தூக்கிவிடு மொதல்ல. அப்புறம் பேசு."

அவளைப் பிடித்துக்கொண்டே நயேலி பனித்தளத்தின் நடுவுக்குப் போனாள். அதற்குள் மெஹிக்கோ பெண்கள் எல்லாரும் இறங்கிவந்து, ஐஸ்லாந்துப் பெண்களை ஒவ்வொருத்தியாகத் தழுவிக்கொண்டார்கள். மேலே கூட்டம் "ஹில்-டா! ஹில்-டா!" என்று கத்த ஆரம்பித்தது. அந்தப் பெயர் எப்படி வெளியே போனது? ஃபெர்மினின் மேளம் நின்றிருந்த திசையைப் பார்த்தாள் நயேலி. அப்பா இரண்டு கையையும் வாய்க்குக் குவித்துக் கத்திக்கொண்டிருந்தார்.

பதக்கம் வாங்கி, தேசிய கீதம் பாடித் தொண்டை கட்டிய பிறகு ஃபெர்மின் இரு அணிகளையும் தெருமுனைத் தாக்கோக் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனார். சுழலும் கம்பியிலிருந்து சோள ரொட்டிக்குள் இறைச்சி சீவிக்கொண்டிருந்த கடைக்காரர், வரிசையாக வந்துகொண்டே இருந்த உயரமான பெண்களைப் பார்த்துக் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஐயா, கல்யாணமா?"

"அதுக்கும் மேல. போடுங்க, போட்டுக்கிட்டே இருங்க."

"கண்ணு, அந்தப் பொண்ணுக்கு சிவப்புச் சட்னி வேணாம்னு சொல்லு" என்று ஃபெர்மின் மகளிடம் சொல்லி முடிப்பதற்குள் ஹில்டா அதைத் தாராளமாக ஊற்றி ஒரு தாக்கோவை முழுசாக வாயில் போட்டுவிட்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. மென்றுகொண்டே இன்னொன்றுக்குத் தட்டை நீட்டினாள்.

"அடுத்த வருஷம் நீங்க மேல் பிரிவுக்குப் போறீங்க" என்றாள், மூக்கை உறிஞ்சியபடி. "அங்க இருக்கறவங்க எப்படி ஆடுவாங்கன்னு தெரியுமா? போன வருஷம்தான் அங்கேந்து கீழ வந்தோம். எங்களப் பத்து கோல்ல அடிச்சாங்க."

"பத்தா?" என்றாள் லூர்தெஸ்.

"ஒரு ஆட்டத்துல பதிமூணு."

மெஹிக்கோ பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லூர்தெஸ் மெதுவாகக் கையிலிருந்த தாக்கோவை இறக்கினாள்.

"கேட்டியா நயேலி? பதிமூணு."

"கேட்டேன்" என்றாள் நயேலி. விலா இன்னும் வலித்தது. அதைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். "எப்ப ஆரம்பிக்குதாம்?"