அவள் வீட்டில் இருக்கிறாளா?

குவாபரா எங்கள் வகுப்பில் சேர்ந்த முதல் நாளே எல்லாரையும் நிமிர்ந்து பார்க்க வைத்தார்.

ஜப்பானில், யாய்ஸு துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் ஊர் மன்றத்தின் மாடியில், புதன்கிழமை மாலைகளில் நான் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். புத்தகம் எதுவும் கிடையாது. வருகிறவர்கள் அந்த வாரம் தங்களுக்குத் தேவைப்பட்ட ஒரு வாக்கியத்தைக் கொண்டுவர வேண்டும். அதை ஆங்கிலத்தில் தடுமாறாமல் சொல்லும்வரை பழக்கிவிடுவேன். சலூன் நடத்தும் ஃபுமியெ, மீன் ஆலையில் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் பெண்களிடம் கேட்க வேண்டியதைக் கொண்டுவருவார்: "பின்னாடி எவ்வளவு வெட்டணும்?" ஒபாத்தா போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். வழி தெரியாமல் நிற்கும் வெளிநாட்டுக்காரர்களைப் பிடித்து நிறுத்தி வழி சொல்வதில் அவருக்கு ஒரு ஆசை. "ஸ்டேஷன் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கு" என்பது அவருடைய வாக்கியம்.

குவாபராவுக்கு எழுபது இருக்கும். டவுன் பஸ் ஓட்டியவர். பெயர் சொல்லிக் குனிந்து வணங்கி உட்கார்ந்தார். முறை வந்ததும், "வீட்ல இருக்காங்களா?" என்றார்.

"யாரு?" என்று கேட்டேன்.

"யாரோ. வீட்ல இருக்காங்களான்னு கேக்கணும். அவ்வளவுதான்."

ஜப்பானியத்தில் அப்படிக் கேட்டுவிடலாம். ஆளைச் சொல்லவே வேண்டாம். ஆங்கிலம் அதற்கு இடம் கொடுக்காது. அதை அவரிடம் விளக்கினேன். "அவனா, அவளான்னு சொல்லியே ஆகணும் சார். இல்லன்னா வாக்கியமே நிக்காது."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "அப்போ, அவள்" என்றார், வேண்டா வெறுப்பாக.

இஸ் ஷி அட் ஹோம். பத்து தடவை சொல்லவைத்தேன். அவர் அதை மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கிப் போனார்.

அடுத்த வாரம், "அவள கடைசியா எப்ப பாத்தீங்க?" அதற்கடுத்த வாரம், "அவ புருஷன் வேலைக்குப் போற நேரம் என்ன?" யாரிடம் கேட்கப்போகிறீர்கள் என்றால் பதில் வராது. டீ இடைவேளையில் எல்லாரும் அரிசி பிஸ்கட்டைக் கடித்தபடி ஊர்க்கதை பேசும்போது, அவர் மட்டும் மூலையில் நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருப்பார்.

"டீச்சர், அந்த ஆளு மேல ஒரு கண்ணு வைங்க" என்றார் ஒபாத்தா. "இதெல்லாம் நாங்க ஸ்டேஷன்ல கேட்ட கேள்வி. இல்லன்னா திருடன் கேக்கற கேள்வி. மூணாவது ஒண்ணு கிடையாது."

"உங்களுக்கு நாய் குரைச்சாலும் குற்றவாளிதான்" என்று ஃபுமியெ அவரை அடக்கினார். ஆனால் அவர் முகத்திலும் தெளிவில்லை.

ஜூனில், மழைக்காலம் தொடங்கிய வாரம் குவாபரா கொண்டுவந்த வாக்கியம் இது: "நான் போன் பண்ணினத அவன்கிட்ட சொல்லாதீங்க."

"இத நான் சொல்லித் தரமாட்டேன் சார்" என்றேன். "எதுக்குன்னு சொல்லுங்க. அப்புறம் பாக்கலாம்."

அவர் முகம் சிவந்தது. கோபமா வெட்கமா என்று தெரியவில்லை. பென்சிலை உறையில் போட்டார், எழுந்தார், குனிந்து வணங்கினார், போய்விட்டார்.

"விட்டுட்டீங்களே டீச்சர்" என்றார் ஒபாத்தா.

படியில் குவாபராவின் காலடிச் சத்தம் மறைந்த பிறகுதான் ஃபுமியெ வாயைத் திறந்தார். "சொல்லலாமா வேண்டாமான்னு இருந்தேன். எங்க தெருவுல ஓர்லான்னு ஒரு பொண்ணு இருக்கு பாருங்க, நடுநிலைப்பள்ளியில இங்கிலீஷ் சொல்லித்தர்ற அயர்லாந்துப் பொண்ணு. அது குடியிருக்கற கட்டடத்துக்கு எதிர்ல இவரு நிக்கறத ரெண்டு சனிக்கிழமை பாத்துட்டேன். மேல ஜன்னலப் பாக்கறாரு. கதவு வரைக்கும் போறாரு, திரும்பிடறாரு."

அன்று வீட்டுக்குப் போன பிறகும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஊர் விட்டு வந்திருக்கும் பெண். அவள் வீட்டில் இருக்கிறாளா என்று கேட்க நான்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அதுவும் உச்சரிப்பு சுத்தமாக.

சனிக்கிழமை மாலை, அந்தப் பெண்ணை எச்சரித்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். திருப்பத்திலேயே ஒபாத்தா நின்றிருந்தார். மழை இல்லாத நாளில் மழைக்கோட்டு போட்டிருந்தார்.

"நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றேன்.

"நீங்க எதுக்கு வந்தீங்களோ அதுக்குத்தான்."

சைக்கிள் நிறுத்தும் இடத்தில் குவாபரா இருந்தார். கையில் ஒரு பை, அதில் காய்ந்த மீன். ஒபாத்தா நேராகப் போய் அவர் முன்னால் நின்றார். "யாருக்குக் காத்திருக்கீங்க?"

குவாபரா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓஹோ" என்றார் மெதுவாக. "என்னய அப்படி நினைச்சுட்டீங்களா."

"வேற எப்படி நினைக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றேன்.

அவர் போனை எடுத்து நீட்டினார். "டீச்சர், நீங்க படிச்சவங்க. இதப் படிச்சுட்டு, என் பொண்ணு எழுதினதா இல்லயான்னு சொல்லுங்க."

மகள் சனாயே. இங்கிலாந்தில், ஹாலிஃபாக்ஸ் என்ற ஊரில், கிரேக் என்பவரைக் கட்டிக்கொண்டு பதினைந்து வருஷமாக இருக்கிறாள். பழைய செய்திகளை முதலில் காட்டினார். "அப்பா, மீன் கருக விட்டியா?" "அந்த ஸ்வெட்டரத் தூக்கிப் போடு, கரடி மாதிரி இருக்க." எல்லாம் அந்தத் தினுசுதான். பிப்ரவரிக்குப் பிறகு வந்தவை வேறு: "மதிப்பிற்குரிய தந்தையார் அவர்களுக்கு, நான் நலமாக உள்ளேன். வானிலை குளிர்ச்சியாக உள்ளது. தாங்கள் உடல்நலத்தைப் பேணவும்."

"இது மொழிபெயர்க்கற மிஷின் எழுதினது" என்றேன்.

"எனக்கும் தெரியும். மிஷினுக்குப் பின்னாடி யாரு? அவன். வாராவாரம் ஞாயித்துக்கிழமை பேசறவ. நாலு மாசமா குரலே இல்ல. போன் பண்ணா அவன் எடுக்கறான். 'சனாயே ஸ்லீப்' அப்படிங்கறான். எப்ப பண்ணாலும் ஸ்லீப். மனுஷி அவ்வளவு தூங்குவாளா? பக்கத்து வீட்டம்மா நம்பர் ஒண்ணு இருக்கு, அவசரத்துக்குன்னு சனாயே என்னைக்கோ குடுத்தது. அவங்ககிட்ட கேக்கணும். மிஷின வெச்சுக் கேக்க எனக்கு நம்பிக்கை இல்ல. அதுதான் ஏற்கெனவே என்கிட்ட பொய் சொல்லிட்டு இருக்கே."

"இந்தப் பொண்ணு?" என்று ஒபாத்தா மேலே கையைக் காட்டினார்.

"அந்த ஊர்ப் பக்கத்துக்காரி. நான் சொல்றது அங்க புரியுமான்னு கேட்டுக்கலாம்னு வந்தேன். கதவத் தட்ட தைரியம் வரல."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா என்ன சொல்லுவீங்க? வெள்ளைக்காரனுக்குக் கட்டிக்குடுத்தா இப்படித்தான்னு சொல்லுவீங்க. ஊரே சொல்லும்."

ஒபாத்தா தொண்டையைக் கனைத்தார். "இப்ப அங்க மணி என்ன?"

அங்கே காலை. ஃபுமியெயின் சலூன் நாலு எட்டில் இருந்தது. தலையில் சாயம் பூசி உட்கார்ந்திருந்த ஒரு வாடிக்கையாளரைத் தவிர யாரும் இல்லை. ஃபுமியெ விஷயத்தைக் கேட்டதும் ரேடியோவை அணைத்துவிட்டு, போனை மேசையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டார்.

பக்கத்து வீட்டம்மாவின் பெயர் மிஸஸ் அக்ராய்ட். எடுத்துவிட்டார். பேசவும் பேசினார். எனக்குத்தான் பாதிக்குமேல் புரியவில்லை. நான் வான்கூவரில் நாலு வருஷம் இருந்தவள், முப்பது வருஷமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள். அந்த அம்மா பேசியதோ வாயில் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. சனாயே 'பூர்லி' என்று மட்டும் இரண்டு தடவை காதில் விழுந்தது.

"என்ன சொல்றாங்க?" என்றார் குவாபரா.

"கஷ்டத்துல இருக்காளாம். காசு இல்லாம ஏழையா..."

"காசா? அவன் சூதாடறானா?"

"இருங்க சார்." அப்போதுதான் 'ஆம்புலன்ஸ்' என்ற சொல் தெளிவாக வந்தது. நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் என் முகம் மொழிபெயர்த்துவிட்டது. குவாபரா மேசைமேல் குனிந்து, நான் சொல்லிக்கொடுக்காத ஒரு வாக்கியத்தை, எங்கேயோ தானாகவே தேடிப்பிடித்துப் பழகி வைத்திருந்ததை, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"டிட். ஹி. ஹிட். ஹெர்?"

சாயம் பூசிய பெண் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மிஸஸ் அக்ராய்ட் மெதுவாக, எனக்கே புரியும்படி பேசினார். "யாரு, கிரேக்கா? ஐயோ இல்ல கண்ணு. அவன் அவளுக்கு ஸ்பூனால ஊட்டிவிடறான்." இருங்கள் என்றார். செருப்புச் சத்தம், ஒரு கதவு, இன்னொரு கதவு. கொஞ்ச நேரத்தில் ஓர் ஆணின் குரல், தூக்கம் கலையாத குரல், ஹலோ என்றது.

'பூர்லி' என்றால் அந்த ஊரில் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். அதைக் கிரேக்கிடம்தான் தெரிந்துகொண்டேன். பிப்ரவரியில் சனாயேவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. அவள் அம்மாவும் இதே நோயில்தான் போனாள். அப்பாவிடம் சொல்லாதே என்று, பேச முடியாத சனாயே, அவன் கையிலிருந்த போனைத் தட்டிவிட்டுத் தட்டிவிட்டுப் புரியவைத்தாளாம். கொஞ்சம் தேறட்டும் என்று அவனும் மிஷினை வைத்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறான்.

நான் சொல்லச் சொல்ல குவாபரா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். முடிந்ததும், "எல்லாம் கேக்க நல்லா இருக்கு" என்றார். "நாலு மாசம் பொய் சொன்னவன். இதையும் ஏன் நம்பணும்? காட்டச் சொல்லுங்க."

ஒபாத்தாவும், "ஆமா, காட்டச் சொல்லுங்க" என்றார்.

வீடியோவில் படம் வந்தது. தலையணைகளுக்கு நடுவில் ஒரு பெண். வாயின் ஒரு ஓரம் இறங்கியிருந்தது. குவாபரா முதலில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். கழுத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், பின்னால் நின்றவனைப் பார்த்தார். "கையத் தூக்கும்மா" என்றார். அவள் இடது கையைத் தூக்கினாள். "அந்தக் கை?" அது போர்வைமேல் கிடந்தது. அதன் நகங்கள் ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தன. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சனாயே. என்னத் தெரியுதா?"

அவளுக்குத் தெரிந்தது. அழுதாள். வாயைத் திறந்து எதையோ இழுத்துப் பார்த்தாள். அப்பா என்பது வரவில்லை. அங்கே தினமும் காதில் விழும் சொற்கள்தான் முதலில் திரும்பிக்கொண்டிருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தாராம். அவளுக்குக் கிடைத்தது, "டீ" என்பது. பிறகு "கோல்ட்". பிறகு மறுபடியும் "டீ".

குவாபரா என் பக்கம் திரும்பினார். "கோல்ட்னா என்ன?"

"ஆறிப்போச்சு."

"டீ ஆறிப்போச்சா." அவர் கண்ணாடியைக் கழற்றி சட்டையில் துடைத்தார். "அவன்கிட்ட சூடா போட்டுத் தரச் சொல்லுங்க டீச்சர்." ஃபுமியெ சாயம் படிந்த கையுறையோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புதன்கிழமை குவாபரா வகுப்புக்கு வந்தார். வாக்கியம் எதுவும் கொண்டுவரவில்லை. வீட்டுச் சாமான்களாகக் கேட்டார். தலையணை, ஜன்னல், சீப்பு, செருப்பு. மகளுக்குத் திரும்புகிற சொற்களுக்கு முன்னால் தான் போய்க் காத்திருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒபாத்தா டீ இடைவேளையில் அவருக்குக் கோப்பையை நிரப்பி, "தப்பா நினைச்சுட்டேன்" என்றார்.

"நீங்க பரவாயில்ல, நேர்ல கேட்டீங்க" என்றார் குவாபரா. "நான் ஒருத்தனக் கடல் கடந்து கொலைகாரன்னு நினைச்சுட்டேன்."

"இப்ப?"

"இப்பவும் ஒரு கண்ணு வெச்சிருக்கேன்."

இலையுதிர் காலத்தில் ஹாலிஃபாக்ஸுக்குப் போனார். புதுவருஷத்துக்கு முன் திரும்பி வந்து சலூனில் முடிவெட்டிக்கொண்டே கதை சொன்னார். கிரேக் நல்லவன்தான், ஆனால் சோறு வடிக்கத் தெரியாது. ராத்திரி அவளைப் புரட்டிப் படுக்கவைக்க இரண்டு முறை எழுந்திருக்கிறான். அதை இவர் சத்தம் போடாமல் நின்று பார்த்திருக்கிறார். "நம்பறதுக்காகப் பாக்கல" என்றார். "கத்துக்கறதுக்குப் பாத்தேன்." கொஞ்சம் யோசித்து, "முத ராத்திரி நம்பறதுக்காகத்தான்" என்று திருத்திக்கொண்டார்.

"சனாயே பேசறாளா?" என்று ஃபுமியெ கேட்டார்.

"ரெண்டு பாஷையும் கலந்து பேசறா. அவ புருஷனுக்குப் பாதி புரியும், எனக்குப் பாதி. ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி சொல்லி முழுசாக்கிக்குவோம். ஒரு நாள் விளக்கப் போடட்டுமான்னு இங்கிலீஷ்ல கேட்டேன். 'ல' நம்ம நாக்குக்கு எங்க வருது, 'ரைட்'னு வந்துச்சு வாயில. இல்லங்கற மாதிரி தலைய ஆட்டினா. மறுபடி ரைட்டுன்னேன். அவ நாக்க மேல்பல்லுக்குப் பின்னாடி வெச்சுக் காட்டினா. கோணின வாய வெச்சுக்கிட்டு, 'லைட்' அப்படின்னா. சுத்தமா. நானும் அப்படிச் சொல்லணும்னு விடவே இல்ல."

"அப்புறம் சொன்னீங்களா?"

"இல்ல" என்றார் குவாபரா. "கடைசியில கிரேக் வந்து விளக்கப் போட்டான்."