பணம் வருவதற்கு ஒரு பின் நம்பர்

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரரின் சகலைக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. பில் கட்டவில்லை, இன்றே மின்சாரம் துண்டிக்கப்படும் என்றது. மனிதர் பதறிப்போய் அதிலிருந்த லிங்க்கை அமுக்கி, கார்டு விவரங்களையெல்லாம் கொட்டிவிட்டார்.

விஷயம் தெரிந்த நாளிலிருந்து கடைக்காரருக்குக் கொண்டாட்டம்தான். மாமனார் வீட்டு விருந்தில் நான்கு பேர் கூடியதும் ஆரம்பித்துவிடுவார்.

"என்ன சகலை, வீட்ல கரண்ட் இருக்கா?"

சகலை தட்டைப் பார்த்தபடி சிரித்து வைப்பார்.

"எவனோ மெசேஜ் போட்டானாம், இவரு அள்ளிக் குடுத்தாராம்! எங்கிட்ட வரச் சொல்லுங்க அவனுங்கள."

வந்தார்கள்.

கடையின் பழைய கண் பரிசோதனை நாற்காலியை விற்க அவர் ஆன்லைனில் விளம்பரம் போட்டிருந்தார். அரை மணி நேரத்தில் ஒருவன் கூப்பிட்டான். குரலில் அப்படியொரு பணிவு. சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். கடைக்காரர் பூரித்துப் போனார்.

"பாத்தியா, தரம் தெரிஞ்ச ஆளு" என்றார் மனைவியிடம். அவள் மேசையில் குனிந்து ஒரு பிரேமுக்கு லென்ஸ் பொருத்திக்கொண்டிருந்தாள்.

"நேர்ல வந்து பாக்காமலேயா வாங்குறான்?"

"எல்லாரும் உங்கண்ணன் மாதிரி சந்தேகப் பிராணியா இருப்பாங்களா?"

அவன் ஒரு கியூஆர் கோடு அனுப்பினான். "இத ஸ்கேன் பண்ணி உங்க பின் நம்பர போடுங்க சார், பணம் உங்க கணக்குக்கு வந்துடும்."

"ஏங்க, காசு வாங்கறதுக்கு எதுக்கு பின் நம்பர்? குடுக்கும்போதுதானே கேக்கும்?"

"இது பிசினஸ் கணக்கு. உனக்குப் புரியாது."

திரையில் 'செலுத்து' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கடைக்கு வருகிறவர்களையெல்லாம் கண் பரிசோதனை அட்டையின் கடைசி வரியை வாசிக்கச் சொல்லி அதட்டுகிறவர் அந்த ஒரு சொல்லை வாசிக்கவில்லை. நான்கு எண்களையும் தட்டினார். பணம் போனது.

உடனே போன். "ஐயய்யோ சார், சர்வர் கோளாறு! இன்னொரு தடவை போடுங்க, ரெண்டும் சேந்து வந்துடும்."

சேர்ந்துதான் போனது.

மூன்றாவது தடவைக்கு விரல் நீண்டபோது மனைவி எழுந்து வந்து போனைப் பிடுங்கிவிட்டாள். அவன் மறுபடியும் கூப்பிட்டான். "நாற்காலிய எடுக்க நேர்லயே வாப்பா, காத்துக்கிட்டிருக்கேன்" என்றாள். லைன் துண்டானது. கடைக்காரர் அந்தப் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப எங்க புகார் பண்றது?"

"உங்க சகலைக்குத்தான் தெரியும்."

"அவன்கிட்டயா? அதுக்கு நான் தூக்குல தொங்கலாம்."

அவள் அதற்குள் போன் போட்டு அவர் காதில் வைத்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டு சகலை சிரிக்கவே இல்லை. புகார் எண்ணைச் சொன்னார். முதலில் வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்கச் சொன்னார். "சீக்கிரம் சொன்னா பிடிக்க முடிஞ்ச பணத்தப் பிடிச்சிடலாம். ஒண்ணும் கவலப்படாதீங்க சகலை, நமக்குள்ள என்ன?" என்றார். கடைக்காரருக்கு அந்த 'நமக்குள்ள'தான் தாங்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

வங்கியில் இருந்த பெண் கேட்டாள். "பின் நம்பர யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"சத்தியமா இல்ல" என்றார் நிமிர்ந்து உட்கார்ந்து.

"பின்ன யாரு போட்டாங்க?"

அவர் கூரையைப் பார்த்தார்.

"இவரேதான் மேடம்" என்றாள் மனைவி. "ரெண்டு தடவ."

இரண்டாவது முறை போனதை வங்கி நடுவழியில் நிறுத்திப் பிடித்துவிட்டது. முதலாவது போனது போனதுதான். காவல் நிலையத்தில் புகாரை அவர் வாய்விட்டுச் சொல்ல, மனைவி எழுதினாள்.

"என் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டது..."

பேனா நின்றது. "எடுக்கப்படலங்க. நீங்க குடுத்தீங்க."

"அப்படியே எழுதுவியா?"

எழுதினாள். அவர் வாசிக்காமலேயே கையெழுத்துப் போட்டார்.