தேய்த்துக் கழுவிய பீப்பாய்

மூன்றாவது தீக்குச்சியும் அணையாமல் எரிந்தது.

நோலுவோ அதைப் பீப்பாயின் வாய்க்குள் இன்னும் தாழ்த்திப் பிடித்தாள். உள்ளே பீர் பொங்கிக்கொண்டிருந்தால் அதன் மூச்சுப் பட்டு நெருப்பு தானாக அணைந்துவிடும். அந்த ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூடத் தெரிந்த சோதனை அது. குச்சி விரல்வரைக்கும் எரிந்து வந்தது. அவளே ஊதி அணைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை. மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் பீர் தயாராகியிருக்க வேண்டும்.

அவள் கணவன் தெம்பிலே பிளாட்டினச் சுரங்கத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவன். அங்கேயே நெஞ்சு கெட்டு இறந்துபோனான். உடலைக் கொண்டுவந்து மாட்டுப்பட்டிக்கு மேற்கே அடக்கம் செய்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. மண்ணுக்குள் வந்துவிட்டான், வீட்டுக்குள் இன்னும் வரவில்லை. பட்டியில் பீர் ஊற்றி, குலப்பெயர் சொல்லி அழைத்தால்தான் இறந்தவன் வீடு திரும்புவான். அவன் போனில் கடைசியாகப் பேசியபோது சொன்னது இதுதான்: "கடைப் பீர் பாக்கெட்டை வாங்கி ஊத்திடாத. உன் கையால காய்ச்சினதா இருக்கட்டும். அப்பதான் வழி தெரியும் எனக்கு."

"சரி" என்று சொல்லிவிட்டாள். ஐம்பத்தேழு வயதுவரை ஒரு வாய் பீர் குடிக்காதவள், காய்ச்சாதவள், வியாழக்கிழமைப் பெண்கள் ஜெபக்கூட்டத்தின் தலைவி, அதன் சீருடையான சிவப்பு மேல்சட்டையில் ஒரு சுருக்கம் விழவிடாதவள். அவள் சரி என்றாள். பிறகு அந்த வார்த்தையை இரண்டு வருடம் தள்ளிப்போட்டாள்.

செய்ய வேண்டியதை எல்லாம் செய்தாகிவிட்டது. செவ்வாயன்று மக்காச்சோள மாவையும் முளைகட்டிய சோள மாவையும் வெந்நீரில் கரைத்துப் புளிக்க வைத்தாள். புதனன்று கூழாகக் காய்ச்சினாள். புகையில் கண் எரிந்தது; அது புகையால் மட்டும் அல்ல. வியாழனன்று, ஆறிய கூழைப் பீப்பாயில் ஊற்றி, இன்னும் நான்கு பிடி சோள மாவு போட்டுக் கிண்டி, தெம்பிலேயின் பழைய கம்பளியால் மூடினாள். பதினெட்டு வருடத்தில் அவள் தவறவிட்ட முதல் ஜெபக்கூட்டம் அது.

பேச்சுக் குரல் கேட்டது. மறுநாள் சடங்குக்காகத் தெம்பிலேயின் தங்கை வுயெல்வா பையோடு வந்து நின்றாள். பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்தவள். பையை இறக்குவதற்கு முன்பே கம்பளியைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, தூங்குது?"

"இன்னும் நேரம் இருக்கு, வுயெல்வா."

"ஒரு ராத்திரி முழுசாப் போயிருக்கு. ஒரு குமிழி இல்ல." கம்பளியை மெதுவாக மூடினாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் நோலுவோவுக்கு அதிகம் வலித்தது. "நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணனுக்கு மனசு இல்ல. ரெண்டு வருஷம் வெளிய நிக்க வெச்சீங்க. இப்ப வான்னா எப்படி வருவார்?"

வுயெல்வா தண்ணீர் எடுக்கப் போனதும் நோலுவோ பீப்பாயின் பக்கத்தில் முட்டி போட்டாள். ஜெபம் வரவில்லை. கர்த்தரிடம் பேசுவதா, கணவனிடம் பேசுவதா என்று தெரியாமல், இருவருக்குமாகச் சேர்த்து, "கோபமா?" என்று மட்டும் கேட்டாள்.

"பீப்பாய்கிட்ட ஜெபம் பண்ற கூட்டத்தை இப்பதான் பாக்குறேன்" என்றது ஒரு குரல்.

வேலிக்கு அந்தப் பக்கம் மாட்லோமோ. அடுத்த வீட்டுக்காரி, பீர் காய்ச்சி விற்றே மூன்று பெண்களைப் படிக்க வைத்தவள். எட்டு வருடத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை, உடையில் புளித்த வாசத்தோடு ஜெபக்கூட்டத்துக்கு வந்தாள். அத்தனை பேர் முன்னால் நோலுவோ எழுந்து, "பீப்பாயை விட்டுட்டு வா, அப்புறம் உக்காரு" என்றாள். மாட்லோமோ எழுந்து போனாள். அதன் பிறகு ஒரு வியாழனும் வரவில்லை. ஆனால் போன வாரம் நோலுவோ வேலியோரம் நின்று, "ஒரு பீப்பாய் கிடைக்குமா" என்று தயங்கிக் கேட்டபோது, எதற்கு என்றுகூடக் கேட்காமல் இருப்பதிலேயே நல்ல பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்து விட்டவளும் அவள்தான்.

"பொங்கவே இல்ல" என்றாள் நோலுவோ.

மாட்லோமோ வேலியைத் தாண்டி வந்தாள். கம்பளியை விலக்கித் தலையைக் குனிந்து மோந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்து மோந்தாள்.

"இதை எதுல கழுவின?"

"சோப்புல. கொதிக்கிற தண்ணியில." நோலுவோ நிறுத்திப் பிறகு சொன்னாள். "வாசம் போகலன்னு பிளீச்சிங் தண்ணி ஊத்தி ராத்திரி முழுக்க ஊற வெச்சேன். ரெண்டு தடவ."

மாட்லோமோ சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தாள். அவள் சிரிக்கவில்லை. பீப்பாயின் விளிம்பை, அடிபட்ட மாட்டைத் தடவுவதுபோல் உள்ளங்கையால் தடவினாள்.

"பதினாலு வருஷம் இதுல சோப்பு பட்டதில்ல. பச்சைத் தண்ணி மட்டும்தான். பொங்க வைக்கிறது மாவுன்னா நெனச்ச? இந்த மரத்துக்குள்ள இருந்ததுதான். அந்த வாசம்தான்டி பீரே."

நோலுவோவுக்கு முகம் சுட்டது. எட்டு வருடத்துக்கு முந்தைய வியாழக்கிழமை அவள் கண்முன் வந்து நின்றது. ஆனாலும் நெஞ்சில் ஒரு முடிச்சு அவிழ்ந்ததுபோல் இருந்தது. "அப்ப அவருக்குக் கோபம் இல்லையா?"

"தெம்பிலேக்கா? அந்த மனுஷன் கோபப்பட்டு நான் பாத்ததே இல்ல. சோப்புக்குப் பயந்து வாசல்ல நிக்கிறார், அவ்வளவுதான்."

மாட்லோமோ தன் வீட்டுக்குப் போய்ச் சற்று நேரத்தில் தகரக் குவளை ஒன்றைத் துணியால் மூடி எடுத்து வந்தாள். அவள் வீட்டு இன்னொரு பீப்பாயின் அடிவண்டல். நுரை இன்னும் பொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கூழில் ஊற்றி, துடுப்பை நோலுவோவின் கையில் கொடுத்தாள்.

"நீயே கிண்டு. உன் கையாலன்னுதானே கேட்டார். அடியிலேர்ந்து கிண்டு, கூழுக்கு வலிக்காது." பிறகு தணிந்த குரலில், "உன் நாத்தனார்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். உன் பீர்னே இருக்கட்டும்" என்றாள்.

"மாட்லோமோ, அன்னிக்கு நான்..."

"கிண்டுன்னேன். நிறுத்தாத."

சனிக்கிழமை பொழுது விடிந்ததும் நோலுவோ கம்பளியைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. விலக்கினாள். மேலெல்லாம் நுரை கட்டி, மழை பெய்யும் குட்டைபோல் கொப்பளித்தது. தீக்குச்சியைக் கிழித்து வாயருகே கொண்டுபோனாள். உள்ளே இறக்குவதற்கு முன்பே, யாரோ ஊதியதுபோல் அணைந்தது.



உச்சிப்பொழுதில் ஆண்கள் பட்டிக்குள் அமர்ந்தார்கள், பெண்கள் வேலியோரம். புல்லால் பின்னிய வடிகட்டியில் வடித்த பீர் நடுவில் இருந்தது. தெம்பிலேயின் சித்தப்பா கோலை ஊன்றி எழுந்து, குலப்பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசியில் தெம்பிலேயின் பெயரைச் சொன்னார். குவளையை நிரப்பி நீட்டினார். காய்ச்சியவள் முதலில் குடித்துக் காட்ட வேண்டும். அதில் தீங்கு ஒன்றும் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

"நல்ல வாசம்" என்றார் அவர். "ஜெபக்காரி கைக்கு இவ்வளவு பக்குவமான்னு எல்லாரும் பேசிக்கிறாங்க, மருமகளே."

வுயெல்வா பெருமையோடு தலையாட்டினாள். நோலுவோ பேசாமல் குடித்திருக்கலாம். மாட்லோமோகூட வேலியோரத்திலிருந்து கண்ணால் அதையே சொன்னாள்.

நோலுவோ குவளையை வாங்கிக்கொண்டு எழுந்து நின்றாள். எட்டு வருடத்துக்கு முன் எழுந்து நின்றதும் இதே பெண்கள் முன்னால்தான்.

"கிண்டினது நான், மாமா. ஆனா இதைக் கெடுத்ததும் நான்தான். மாட்லோமோ குடுத்த பீப்பாயை, அசிங்கம்னு பிளீச்சிங் போட்டுக் கழுவினேன். உயிர் போயிடுச்சு. அவ தன் பீப்பாயிலேர்ந்து உயிர் கொண்டுவந்து ஊத்தினா. முதல் வாய் அவளுடையது."

பட்டி ஓரத்தில் ஒரு கன்று கத்தியது. வுயெல்வா அண்ணியைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, மாட்லோமோ நடந்து வர வழிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

மாட்லோமோ முட்டி போட்டு ஒரு வாய் குடித்தாள். குவளையைத் திருப்பி நீட்டினாள். "கை உன்னுதுதான்" என்றாள்.

நோலுவோ அவளருகே முட்டி போட்டாள். குவளையை உதட்டில் வைத்தாள். புளிப்பு, சோளத்தின் மண் வாசம், அடியில் மெல்லிய இனிப்பு. ஒரே ஒரு வாய். தன்மேல் கர்த்தரின் முகம் இருண்டதாக அவளுக்குத் தோன்றவில்லை. சித்தப்பா மீதியை மண்ணில் ஊற்றினார். மண் அதை நிதானமாகக் குடித்தது.

"வீட்டுக்கு வாங்க" என்று அவள் சொன்னது பக்கத்தில் இருந்தவளுக்கு மட்டும் கேட்டது.

திங்கட்கிழமை பீப்பாயை வேலிக்கு அந்தப் பக்கம் உருட்டிக்கொண்டு போனாள். மாட்லோமோ முதலில் உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தாள்.

"பச்சைத் தண்ணி மட்டும்தான்" என்றாள் நோலுவோ.

"ம்."

"வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு ஜெபம்."

"என் உடுப்புல வாசம் இருக்குமே, தலைவியம்மா."

நோலுவோ தன் உள்ளங்கைகளை மூக்கருகே கொண்டுபோனாள். மூன்று நாளாகியும் அது போகவில்லை.

"எங்கிட்டயும் இருக்கு" என்றாள். "என் பக்கத்துல உக்காரு."